ஒரே வைரஸ், எட்டுத் துகள்கள்

இலைமீது கருகல் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்த ஒரு வாரத்திலிருந்துதான் இந்தக் கேள்வி என்னுடன் வரத் தொடங்கியது. முதுகலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில், வைரஸின் நோயூட்டும் திறனை அளக்கும் பழைய முறை ஒன்றை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். புகையிலைத் தேமல் வைரஸின் கரைசலைப் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று நீர்க்கச் செய்துகொள்ள வேண்டும். கார்போரண்டம் தூள் தூவிய இலையின்மீது ஒவ்வொரு கரைசலையும் விரல் நுனியால் மெல்லத் தேய்க்க வேண்டும். தேய்த்த உடனே நீர் ஊற்றி இலையைக் கழுவிவிட வேண்டும். தூளின் கூர்முனைகள் மேற்தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்க, அவற்றின் வழியே வைரஸ் துகள்கள் செல்களுக்குள் நுழைகின்றன. புகையிலையின் உறவுச் செடியான நிக்கோடியானா குளுட்டினோசாவில், மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், தொற்று பிடித்த இடமெல்லாம் பழுப்பு நிறத்தில் ஊசித்தலை அளவுப் புள்ளியாகத் தெரியும். கரைசலைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தால் புள்ளிகளும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஒரு புள்ளியைத் தொடங்கி வைக்க ஒரு துகள் போதும் என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் அதே வேலையைக் குதிரைமசால் தேமல் வைரஸை வைத்து, பீன்ஸ் செடியின் முதல் இலைகளில் செய்தேன். அடர்ந்த கரைசலைத் தேய்த்த இலையில் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. பத்து மடங்கு நீர்த்த கரைசலைத் தேய்த்த இலையில் அவற்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த இலை முழுக்கப் பச்சையாகவே இருந்தது. அளவு தவறிவிட்டது என்று எண்ணி, புதிய கரைசல்களைத் தயாரித்து மறுபடியும் செய்தேன். வரைபடத்தில் கோடு முன்போலவே செங்குத்தாகச் சரிந்தது. என் வழிகாட்டி அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “நீ நீர்க்கச் செய்தது ஒன்றை இல்லை, மூன்றை” என்றார். இந்த வைரஸின் மரபணுத்தொகுதி மூன்று ஆர்.என்.ஏ. துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொரு துண்டும் தனித்தனிப் புரத உறைக்குள் இருக்கிறது, மூன்றும் ஒரே செல்லுக்குள் வந்து சேர்ந்தால்தான் அங்கே புள்ளி தோன்றும். ஒவ்வொன்றும் பத்தில் ஒன்றாகக் குறையும்போது, மூன்றும் ஒரே கீறலில் சந்திக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றை நோக்கிச் சரிகிறது.

அன்று எழுந்த கேள்வி இதுதான்: இவ்வளவு இழப்பைத் தரக்கூடிய ஓர் ஏற்பாடு எப்படி நிலைத்து நிற்கிறது?

மேலே போகும் முன், எளிதில் குழம்பிப்போகக்கூடிய ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். மரபணுத்தொகுதி துண்டுகளாக இருப்பது ஒன்று. அத்துண்டுகள் தனித்தனி உறைகளில் இருப்பது வேறொன்று. இன்ஃபுளுயன்சா ஏ வைரஸுக்கு எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகள் உண்டு, ஆனால் அந்த எட்டும் ஒரே துகளுக்குள் ஒன்றாகக் கட்டப்பட்டுப் பயணிக்கின்றன. தாவரங்களைத் தாக்கும் வைரஸ்களிலும் இத்தகையவை உண்டு: தக்காளிப் புள்ளி வாடல் வைரஸின் மூன்று துண்டுகள் ஒரே உறைக்குள்தான் இருக்கின்றன. நான் இங்கே பேசுவது இவற்றைப் பற்றி அன்று. ஒவ்வொரு துண்டும் தனக்கென ஓர் உறையில், மற்றத் துண்டுகளோடு எந்தக் கட்டும் இல்லாமல் பிரிந்து போகும் வைரஸ்களைப் பற்றி.

இப்படி ஒன்று இருக்கக்கூடும் என்ற ஐயம் என்னுடைய வரைபடம் போன்ற வரைபடங்களிலிருந்துதான் முதலில் எழுந்தது. 1962இல் ராபர்ட் ஃபுல்டன் என்னும் ஆய்வாளர், பழமரங்களைத் தாக்கும் ஒரு வைரஸின் கரைசலை நீர்க்கச் செய்தபோது நோயூட்டும் திறன் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைவதையும், தாமாக நோயூட்ட இயலாத வைரஸ் துகள்களைச் சேர்த்தால் அத்திறன் கூடுவதையும் கண்டார். காராமணித் தேமல் வைரஸில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தூய்மைப்படுத்திய வைரஸை, அடியில் அடர்த்தி கூடியும் மேலே குறைந்தும் இருக்கும் சர்க்கரைக் கரைசலின்மேல் ஊற்றி, மையவிலக்கியில் வேகமாகச் சுழற்றிய பிறகு குழாயை எடுத்து, இருட்டறையில் மேலிருந்து ஒளி பாய்ச்சினால், மங்கிய நீலவெண்மையில் மூன்று பட்டைகள் தெரியும். மேற்பட்டையில் உள்ளவை வெறும் உறைகள். நடுப்பட்டையில் உள்ள துகள்களில் சுமார் 3,500 அலகு (அலகு என்பது ஆர்.என்.ஏ. சங்கிலியின் ஒரு கண்ணி, அதாவது ஓர் எழுத்து) நீளமுள்ள ஆர்.என்.ஏ.; அடிப்பட்டையில் சுமார் 6,000 அலகு நீளமுள்ள ஆர்.என்.ஏ. மூன்றுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான். நடுப்பட்டையை மட்டும் எடுத்து இலையில் தேய்த்தால் நோய் வராது. அடிப்பட்டையை மட்டும் தேய்த்தாலும் வராது. இரண்டையும் கலந்து தேய்த்தால் வரும். அடிப்பட்டையின் ஆர்.என்.ஏ.வில் பெருகுவதற்கான கருவிகள் இருக்கின்றன. உறைப்புரதமும் பக்கத்துச் செல்லுக்குப் போகும் வழியும் நடுப்பட்டையின் ஆர்.என்.ஏ.வில் இருக்கின்றன.

குதிரைமசால் தேமல் வைரஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் மூன்று ஆர்.என்.ஏ.க்களையும் உறை நீக்கித் தூய்மையாகக் கொடுத்தாலும் தொற்று தொடங்குவதில்லை. அவற்றுடன் சிறிதளவு உறைப்புரதத்தையும் சேர்த்தாக வேண்டும் என்பது 1971இல் தெரிய வந்தது. மூடிவைக்கும் காகிதம் என்று நாம் நினைத்தது, கடிதத்தைத் திறக்கும் சாவியாகவும் இருக்கிறது.

இத்தகைய வைரஸ்கள் அரிதானவை என்று நினைத்துவிடக் கூடாது. தாவர வைரஸ் பேரினங்களில் கணிசமான பகுதி இந்த வகைதான். வெள்ளரித் தேமல் வைரஸ் மூன்று துண்டுகளைக் கொண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்களைத் தாக்கக்கூடியது. வெள்ளை ஈ பரப்பும் பெகோமோ வைரஸ்களில் பல, டி.என்.ஏ.-ஏ, டி.என்.ஏ.-பி என்ற இரு வளையங்களைத் தனித்தனி இரட்டைக்கூட்டுத் துகள்களில் வைத்திருக்கின்றன. வாழை முடிக்கொத்து நோயை உண்டாக்கும் வைரஸுக்கு ஆறு துண்டுகள். அதன் நெருங்கிய உறவான ஃபேபா பீன் நெக்ரோடிக் ஸ்டன்ட் வைரஸுக்கு எட்டுத் துண்டுகள்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆயிரம் அலகு நீளமுள்ள டி.என்.ஏ. வளையம், ஒவ்வொரு வளையத்துக்கும் 20 நானோமீட்டரைத் தாண்டாத ஒரு சிறு உறை. விலங்குகளில் இந்த ஏற்பாடு மிக அரிது. பட்டுப்புழுவைத் தாக்கும் ஒரு வைரஸ், 2016இல் விவரிக்கப்பட்ட ஒரு கொசு வைரஸ் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். தாவரங்களில் ஏன் இவ்வளவு, விலங்குகளில் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வைக்கிறேன். விடை அதற்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் இழப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். எட்டு வகைத் துகள்களும் சம அளவில் கலந்திருக்கின்றன என்றும், ஒரு செல்லுக்குள் அவை தற்செயலாக ஒவ்வொன்றாக நுழைகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். சரியாக எட்டுத் துகள்கள் நுழைந்தால், எட்டும் எட்டு வகையாக அமையும் வாய்ப்பு ஆயிரத்துக்கு இரண்டரைகூட இல்லை. எட்டு வகையும் சேரச் சராசரியாக 22 துகள்கள் நுழைய வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து செல்களில் எட்டும் சேர வேண்டும் என்றால் 38 துகள்கள் வேண்டும். இதுவும் எல்லாம் சம அளவில் இருந்தால்தான். ஏதேனும் ஒரு துண்டு நூற்றில் இரண்டு மட்டுமே இருக்குமானால், அந்த ஒன்று கிடைப்பதற்கு மட்டுமே சராசரியாக 50 துகள்கள் நுழைய வேண்டியிருக்கும். இதே கணக்கில் மூன்று துண்டுகளுக்குச் சராசரி ஐந்தரை, இரண்டுக்கு மூன்று. இரண்டு, மூன்று துண்டுகள் வரை தாங்கக்கூடிய இழப்புதான். எட்டு என்பது வேறு நிலை. ஒற்றைத் துண்டு வைரஸான காலிஃபிளவர் தேமல் வைரஸில், ஒரு செல்லுக்குள் எத்தனை மரபணுத்தொகுதிகள் நுழைகின்றன என்று 2010இல் அளந்து பார்த்தபோது, தொற்றின் கட்டத்தைப் பொறுத்து அது ஏறத்தாழ 2 முதல் 13 வரை மாறியது. 22, 38, 50 என்ற எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது.

இழப்பு இவ்வளவு என்றால் ஈடுகட்டும் நன்மை என்ன என்பதுதான் நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வந்த கேள்வி. சொல்லப்பட்ட விடைகள் பல; எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல.

மிக எளிய விடை, மரபணுத்தொகுதி பெரிதாகிவிட்டதால் ஓர் உறைக்குள் அடங்கவில்லை என்பது. இது நிற்காது. புகையிலைத் தேமல் வைரஸ் சுமார் 6,400 அலகுகளை ஒரே ஆர்.என்.ஏ.வில், 300 நானோமீட்டர் நீளமுள்ள ஒரே குச்சிக்குள் வைத்திருக்கிறது. சிட்ரஸ் டிரிஸ்டேசா வைரஸ் ஏறத்தாழ 19,300 அலகுகளைப் பிரிக்காமல் வைத்திருக்கிறது. எட்டாகப் பிரிந்த ஃபேபா பீன் வைரஸின் மொத்த நீளமோ எட்டாயிரம் அலகுகள்தான். கோள வடிவ உறைக்குக் கொள்ளளவு வரம்பு உண்டு, குச்சி வடிவ உறையை நீட்டிக்கொண்டே போகலாம் என்பது உண்மை. ஆனால் குச்சி வடிவ வைரஸ்களிலும் பிரிந்தவை உண்டு. நூற்புழுக்கள் பரப்பும் புகையிலை ராட்டில் வைரஸ் நீளக்குச்சி ஒன்றும் குட்டைக்குச்சி ஒன்றுமாக இரண்டு துகள்களில் இருக்கிறது.

இரண்டாவது விடை புரதத் தயாரிப்பைப் பற்றியது. நமது செல்களிலும் தாவரங்களின் செல்களிலும் புரதம் செய்யும் கருவியான ரைபோசோம் ஒரு செய்தி ஆர்.என்.ஏ.வின் தொடக்க முனையில் ஏறி, முதலில் வரும் மரபணுவை மட்டுமே பெரும்பாலும் படித்துவிட்டு இறங்கிவிடுகிறது. ஒரே நீள ஆர்.என்.ஏ.வில் ஐந்து மரபணுக்களை வரிசையாக வைத்திருக்கும் வைரஸுக்கு இது பெரிய இடையூறு. எல்லாவற்றையும் ஒரே பெரும் புரதமாகச் செய்து பிறகு வெட்டிக்கொள்வது ஒரு வழி. உள்ளே இருக்கும் மரபணுக்களுக்குத் தனியே குட்டை ஆர்.என்.ஏ. எழுதிக்கொள்வது இன்னொரு வழி. மரபணுத்தொகுதியையே துண்டாக்கி ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு தொடக்க முனையைக் கொடுத்துவிடுவது மூன்றாவது வழி. இந்த விளக்கம் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் இது ஏன் துண்டானது என்பதைச் சொல்கிறதே தவிர, துண்டுகள் ஏன் தனித்தனி உறைகளில் போகின்றன என்பதைச் சொல்லவில்லை. இன்ஃபுளுயன்சா போல எல்லாவற்றையும் ஒரே உறையில் கட்டிக்கொண்டாலும் ரைபோசோமுக்கு அதே வசதிதானே கிடைக்கும்?

சடுதிமாற்றத்தைப் பற்றிய விடைக்கும் இதே குறை இருக்கிறது. ஆர்.என்.ஏ. வைரஸ்கள் நகலெடுக்கும்போது பிழைகள் மிகுதி. நீளமான ஓர் ஆர்.என்.ஏ.வில் எங்கே பிழை நேர்ந்தாலும் முழுத்தொகுதியும் கெடும். துண்டுகளாக இருந்தால், கெட்ட துண்டு கழிந்து, நல்ல துண்டுகள் வேறு துணைகளோடு சேர்ந்து பிழைக்கலாம். இரண்டு வெவ்வேறு திரிபுகள் ஒரே செடியில் சந்தித்தால் துண்டுகளை மாற்றிக்கொள்ளவும் முடியும். வெள்ளரித் தேமல் வைரஸின் இரு திரிபுகளிலிருந்து துண்டுகளை எடுத்துச் சேர்த்து, நோய் செய்யக்கூடிய கலப்பு வைரஸை ஆய்வகத்தில் எளிதாக உண்டாக்கலாம். இதுவும் உண்மைதான். ஆனால் ஒரே உறைக்குள் எட்டுத் துண்டுகளை வைத்திருக்கும் இன்ஃபுளுயன்சாவும் இதே மாற்றத்தைச் செய்கிறது. அதனால்தான் அது அவ்வப்போது உலகத்தையே அலைக்கழிக்கிறது. ஆகவே தனித்தனி உறைக்கான காரணத்தை இங்கே தேடிப் பயனில்லை.

தனித்தனி உறைக்கே பொருந்தும் விடை ஒன்று, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கால்நடைகளுக்கு வரும் கோமாரி நோயின் வைரஸ் பிரியாத ஒரே ஆர்.என்.ஏ. கொண்டது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பல துகள்கள் நுழையும்படியாக அதை ஆய்வகச் செல் வளர்ப்பில் 260 முறை தொடர்ந்து மாற்றி வளர்த்தபோது, ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். முழு ஆர்.என்.ஏ. மறைந்து, அதன் இடத்தில் இரண்டு குறை ஆர்.என்.ஏ.க்கள் இருந்தன. ஒன்றில் விடுபட்ட பகுதி மற்றொன்றில் இருந்தது. இரண்டும் தனித்தனித் துகள்களில் இருந்துகொண்டு, ஒன்றுக்கொன்று குறை தீர்த்துக்கொண்டன. 2011இல் இதன் காரணத்தையும் அவர்கள் கண்டறிந்தார்கள். குட்டை ஆர்.என்.ஏ. வேகமாகப் பெருகியதால் வெல்லவில்லை. அதே அளவு உறைக்குள் குறைந்த நீள ஆர்.என்.ஏ. இருந்தபோது அந்தத் துகள் செல்லுக்கு வெளியே நீண்ட நேரம் சிதையாமல் இருந்தது, அவ்வளவுதான். செல்லுக்கு ஒரு துகளே கிடைக்கும்படி நீர்க்க வளர்த்தால் முழு ஆர்.என்.ஏ. கொண்ட வைரஸ் மீண்டும் தலைதூக்கியது. இந்த ஆய்வை நான் பெரிதும் மதிக்கிறேன், ஏனென்றால் பிரிதல் என்ற நிகழ்வை நம் கண்முன் நடத்திக் காட்டியது இதுதான். ஆனால் எட்டுத் துண்டுகளுக்கு இதை நீட்டிக்க முடியுமா என்றால், முடியாது என்றே நினைக்கிறேன். இரண்டாகப் பிரிந்ததில் கிடைத்த உறுதி, எட்டாகப் பிரிவதன் இழப்புக்கு ஈடாகாது.

2013இல் பிரான்சின் மோன்பெலியே நகரத்து ஆய்வுக்குழு ஒன்று இன்னொரு திசையைத் திறந்தது. ஃபேபா பீன் வைரஸின் எட்டுத் துண்டுகளும் செடிக்குள் சம எண்ணிக்கையில் இருப்பதில்லை. சில மிகுதியாகவும் சில அரிதாகவும் இருக்கின்றன. செடிக்குக் கொடுக்கும்போது எந்த விகிதத்தில் கலந்து கொடுத்தாலும், தொற்று பரவிய பிறகு ஒரு குறிப்பிட்ட விகிதத்துக்கே வந்து நிற்கின்றன. அதைவிட முக்கியமாக, ஃபேபா பீன் செடியில் ஒரு விகிதம், மெடிக்காகோ என்னும் மற்றொரு பயறுவகைச் செடியில் வேறொரு விகிதம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு மரபணு இருப்பதால், துண்டின் எண்ணிக்கையை மாற்றுவது அந்த மரபணுவின் அளவை மாற்றுவதற்குச் சமம். புதிய செடிக்குள் வந்த வைரஸ், தன் மரபணுவில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், விகிதத்தை மட்டும் திருகித் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியும் என்ற எண்ணம் இங்கிருந்து பிறந்தது. அழகான எண்ணம், நிலையான விகிதம் ஒன்று இருக்கிறது என்பதும் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டப்பட்டது. ஆனால் விகிதம் இருப்பது வேறு, அந்த விகிதத்தால் வைரஸுக்கு நன்மை விளைகிறது என்பது வேறு. முதலாவதை வைத்து இரண்டாவதை முடிவாகச் சொல்லிவிடக் கூடாது. மேலும் இந்த ஆய்வு இழப்புக் கணக்கை இன்னும் கடினமாக்கியது, ஏனென்றால் அரிதான துண்டுக்காகக் காத்திருக்க வேண்டிய துகள்களின் எண்ணிக்கை கூடிவிட்டது.

அதே குழு 2019இல் வெளியிட்ட ஆய்வைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். இதுவரை நான் போட்ட கணக்கு, அதற்கு முன் மற்றவர்கள் போட்ட கணக்குகள் எல்லாவற்றிலும் பேசப்படாத ஒரு நிபந்தனை இருந்தது: எட்டுத் துண்டுகளும் ஒரே செல்லுக்குள் சேர வேண்டும். செல்தான் தொற்றின் அலகு என்பது வைரஸ் இயலின் முதல் பாடம். அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. அந்தக் குழு கேட்டது. நோயுற்ற செடியில் உணவுச்சாற்றைக் கடத்தும் ஃபுளோயம் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒரு துண்டில் மட்டும் போய் ஒட்டும் சிவப்பு ஒளிர்பொருளையும், மற்றொரு துண்டில் மட்டும் ஒட்டும் பச்சை ஒளிர்பொருளையும் ஒன்றாகச் செலுத்திப் பார்த்தார்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே செல்லில்தான் பெருகுகின்றன என்றால், ஒளிரும் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு நிறமும் இருக்க வேண்டும். படங்களில் தெரிந்தது வேறு. ஒரு செல்லின் உட்கரு முழுக்கப் பச்சை. அதை ஒட்டிய செல்லின் உட்கரு முழுக்கச் சிவப்பு. இரண்டும் கலந்த செல் அங்கொன்றும் இங்கொன்றும். ஒரு துண்டு ஒரு செல்லில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் மற்றொரு துண்டு அங்கே எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் தொடர்பே இருக்கவில்லை.

இதன் பொருள் என்ன என்பதை ஆர் என்று பெயரிடப்பட்ட துண்டை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். எட்டுத் துண்டுகளும் நகலாவதற்குத் தேவையான புரதத்தின் குறியீடு அந்த ஒரு துண்டில்தான் இருக்கிறது. ஆகவே ஆர் இல்லாத செல்லில் எந்தத் துண்டும் பெருகக் கூடாது. ஆனால் உறைப்புரதத்துக்கான எஸ் துண்டு, ஆர் இல்லாத செல்களிலும் ஏராளமாகப் பெருகியிருந்தது. அந்தச் செல்களில் ஆர் துண்டு இல்லாவிட்டாலும், அது தரும் புரதம் இருந்தது. ஒரு செல்லில் உள்ள துண்டின் பயனை அத்துண்டே இல்லாத பக்கத்துச் செல்லும் பெறுகிறது. அப்படியானால் எட்டுத் துண்டுகளும் ஒரு கூரையின்கீழ் வசிக்க வேண்டியதில்லை. ஒரே தெருவில் வசித்து, வீட்டுக்கு வீடு பண்டமாற்றுச் செய்துகொண்டால் போதும். என் 22, 38, 50 எல்லாம் செல்லுக்குப் போட்ட கணக்கு. வைரஸோ திசுவைத் தன் வீடாகக் கொண்டிருந்தது.

ஓரமாக வைத்த கேள்விக்கு இப்போது வருகிறேன். தாவரச் செல்கள் தடித்த சுவருக்குள் இருக்கின்றன என்பது பள்ளியிலேயே படித்தது. ஆனால் அச்சுவரில் நுண்ணிய துளைகள் உண்டு என்பதையும், பிளாஸ்மோடெஸ்மேட்டா எனப்படும் அத்துளைகளின் வழியே ஒரு செல்லின் சைட்டோபிளாசம் அடுத்த செல்லின் சைட்டோபிளாசத்தோடு தொடர்ந்து ஓடுகிறது என்பதையும் நாம் அவ்வளவாக எண்ணிப்பார்ப்பதில்லை. விலங்கு வைரஸ்களில் பெரும்பாலானவை செல்லை விட்டு வெளியேறி, மறுபடி வெளியிலிருந்து அடுத்த செல்லுக்குள் நுழைய வேண்டும். ஒவ்வொரு முறையும் அது ஒரு புதுத் தொற்று. தாவர வைரஸ் வெளியே வருவதே இல்லை. தன் இடம்பெயர்வுப் புரதத்தைக் கொண்டு அந்தத் துளைகளை அகலப்படுத்திக்கொண்டு அண்டைச் செல்லுக்குள் போகிறது. அந்த வழியில் மரபணுத் துண்டுகள் போகலாம், புரதங்களும் போகலாம். தாவரங்களில் பிரிந்த வைரஸ்கள் மலிந்திருப்பதற்கு, பிரிவதால் கிடைக்கும் ஏதோ ஒரு பெரிய நன்மையைவிட, பிரிவதற்கான அபராதம் இங்கே மிகக் குறைவு என்பதுதான் முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன். நன்மைகள் சிறியவையாகவும், வைரஸுக்கு வைரஸ் வேறாகவும் இருக்கலாம். அபராதம் குறைந்த இடத்தில் சிறு நன்மையும் போதுமானது.

செடிக்குள் சரி, செடியிலிருந்து செடிக்கு? அங்கே துளைகள் இல்லை. ஃபேபா பீன் வைரஸ் தன்னைப் பரப்பும் அசுவினியின் வாய்க்குள் போய், அதன் உடலைக் கடந்து, உமிழ்நீரோடு அடுத்த செடிக்குள் இறங்க வேண்டும். அந்தப் பயணத்தில் பிழைத்துப் போய்ச் சேரும் துண்டுகள் மிகச் சில என்பதும் அளக்கப்பட்டிருக்கிறது. 2022இல் வந்த ஆய்வு இங்கும் பழைய நிபந்தனையைத் தளர்த்தியது. எட்டும் ஒரே நேரத்தில், ஒரே பயணத்தில் வர வேண்டியதில்லை. குறைத்தொகுதியோடு இருக்கும் செடிக்கு விடுபட்ட துண்டு பிறகு தனியாக வந்து சேர்ந்தாலும் முழுத்தொகுதி அங்கே மீண்டும் உருவாக முடியும். அசுவினிகள் கூட்டமாக வாழ்ந்து, செடி மாற்றிச் செடி அமர்ந்து சாறு உறிஞ்சுபவை என்பதை எண்ணும்போது இது பொருந்தி வருகிறது.

சுகர்பீட் வேரைத் தாக்கும் ஒரு வைரஸைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரிந்திருப்பதன் இயல்பை இதைப்போல் வேறெதுவும் எனக்கு உணர்த்தவில்லை. பீட் நெக்ரோடிக் யெல்லோ வெயின் வைரஸுக்கு நான்கு அல்லது ஐந்து ஆர்.என்.ஏ. துண்டுகள் உண்டு. முதல் இரண்டும் பெருகவும் பரவவும் உறை கட்டவும் தேவையானவை. மூன்றாவது, வேரில் பரவி நோய்க்குறி காட்டத் தேவை. நான்காவது, மண்ணில் இதைப் பரப்பும் பாலிமிக்சா என்னும் நுண்ணுயிரி வழியாகக் கடத்தப்படத் தேவை. ஆய்வகத்தில் இந்த வைரஸை இலையிலிருந்து இலைக்குக் கையால் தேய்த்தே தொடர்ந்து மாற்றிக்கொண்டிருந்தால், வேரும் இல்லை, பாலிமிக்சாவும் இல்லை. சில தலைமுறைகளில் மூன்றாவதும் நான்காவதும் பகுதி பகுதியாகச் சிதைந்து, பிறகு காணாமலே போய்விடுகின்றன. மீதமிருப்பது ஆய்வக இலையில் நன்றாகவே வாழும். ஆக, மரபணுத்தொகுதி என்று நாம் சொல்லும்போது எதை முழுமை என்கிறோம் என்பதே அந்த வைரஸ் எங்கே வாழ்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது.

ஃபேபா பீன் வைரஸின் கதையைக் கேட்டவர்கள், எல்லாப் பிரிந்த வைரஸ்களும் இப்படித்தான் வாழ்கின்றன என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு என் பழைய பீன்ஸ் இலைகள் இடம் தரவில்லை. குதிரைமசால் தேமல் வைரஸில் முதல் இரண்டு துண்டுகளின் புரதங்கள் சேர்ந்துதான் நகலெடுக்கும் கருவி ஆகின்றன. மூன்றாவது துண்டின் புரதங்கள் இல்லாமல் முதல் செல்லை விட்டு வெளியேற முடியாது. அண்டைச் செல்லின் உதவி கிடைக்க வேண்டும் என்றால் அண்டைச் செல்லிலும் தொற்று இருக்க வேண்டும். தேய்த்த இலையில் கீறல்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கின்றன. எனவே தொடக்கத்தில் மூன்றும் ஒரே செல்லில் சந்தித்தே ஆக வேண்டும், கோடும் செங்குத்தாகவே சரியும். தொற்று பரவி, அண்டைச் செல்கள் எல்லாம் நோயுற்ற பிறகு அந்த மூன்று துண்டுகளும் சேர்ந்தே இருக்கின்றனவா, தெருவெங்கும் பிரிந்து குடியேறுகின்றனவா என்பதை வரைபடம் சொல்லாது. அதற்குப் புள்ளியின் விளிம்பிலிருந்து ஒரு சீவலை வெட்டி, மூன்று நிறத்தில் ஒளிரவிட்டுப் பார்க்க வேண்டும்.